கொம்பனை எல்லோரும் கேட்ட கோடை

உங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு திரை இருக்கிறது. நம் விளையாட்டில் எந்தக் கார்டை எத்தனை பேர் இறக்குகிறார்கள், எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்று அதில் கோடுகள் ஏறி இறங்குகின்றன. போன வாரம் நான் இங்கே டீ குடிக்க வந்தபோது உங்களில் ஒரு தம்பி அப்படி ஒரு கோட்டைக் காட்டி, "சார், இந்தக் கார்டு செத்துப்போச்சு, எடுத்துடலாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. தம்பி, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே வாக்கியத்தை அதே உறுதியோடு பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் பாதிப் பேர் பிறகு அதே கார்டைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

ஓய்வு பெற்றவனை எழுதச் சொன்னால் பிறந்ததிலிருந்து ஆரம்பிப்பான். பயப்படாதீர்கள். அச்சு, வெட்டு, லேமினேஷன் எல்லாம் இங்கே நாலு மாதம் இருந்தால் தானாக வந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கோடைக்காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டாயிரத்துகளின் நடுவில் வந்த கோடை அது. அப்போது இந்த இடம் பிஸ்கட் அட்டைப்பெட்டி அடிக்கிற ஒரு சின்ன அச்சகம். ஓசூர் தொழிற்பேட்டையில் பின்பக்கத்துத் தெரு. முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்து, மீந்துபோகிற அட்டையில் 'நாலு கோட்டை' என்ற கார்டு விளையாட்டை அடித்து விற்க ஆரம்பித்தார்.

இன்றைக்கு நீங்கள் போனில் ஓட்டுகிற விளையாட்டின் எலும்பு அதுதான். நாலு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு கோட்டை. அவரவர் வாங்கிச் சேர்த்த கட்டிலிருந்து கார்டை இறக்கி மற்றவர் கோட்டையை இடிக்க வேண்டும், தன் கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். கடைசியில் நிற்கிற கோட்டைக்கு வெற்றி. கார்டுகள் பெட்டிக்கடையில் பாக்கெட்டாகத் தொங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். எந்தக் கார்டை எவ்வளவு அடிப்பது என்று சொல்வது என் வேலை. பேருக்கு மார்க்கெட்டிங் மேனேஜர். ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை.

அடித்த கார்டுகளைக் கலந்து பாக்கெட் போடுவதற்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் எட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தலைமை மஞ்சுளா. ஊர் தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழ், லோடு ஏற்ற வருகிறவரோடு தெலுங்கு. பொங்கலுக்குப் போனஸ் கொடுத்த கையோடு முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "கோடை லீவுக்குள்ள இந்த வெளையாட்டு ஒரு நெலைக்கு வரலன்னா, ஷெட்ட மறுபடியும் அட்டைப்பெட்டிக்கே விட்டுடுவேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." எட்டுப் பேருக்கும் வேலை போகும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவர்களுக்குப் புரிந்தது.

நம்முடைய கார்டுகளில் அப்போது ராஜா, கொம்பன். தந்தம் நீண்ட ஆண் யானை. இறக்கினால் ஒரே சுற்றில் ஒரு கோட்டையின் ஒரு பக்கம் காலி. பள்ளிப் பிள்ளைகள் கொம்பனுக்காக ஒரு முழுக் கார்டுக் கட்டையே கொடுப்பார்கள். மத்திகிரியில் ஒரு பேக்கரிக்காரர், "கொம்பன் இல்லாத பாக்கெட்ட எங்கிட்ட குடுக்காதீங்க, பசங்க பிரிச்சுப் பாத்துட்டு என்னைத் திட்றானுங்க" என்பார். எங்கே போனாலும் இதே பாட்டுத்தான்.

மார்ச்சில் கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்டாக்கிஸ்ட் வந்தார். மாவட்டம் முழுக்கப் பெட்டிக்கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு. உட்கார்ந்ததும் சொன்னார். "கோடைக்கு மொத்தமா எடுத்துக்கறேன். பாக்கெட்டுக்கு ஒரு கொம்பன் இருக்கணும், கொம்பன் படம் மேல இருக்கணும். வேப்பனப்பள்ளி வரைக்கும் ஒரு கடை விடாம தொங்க விடறேன். இல்லன்னா எனக்கு வேணாம்."

முதலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கோடை முழுக்க ஷெட்டுக்கு வேலை. எட்டுப் பேரும் நிம்மதி. அவர் என் பக்கம் திரும்பி, "என்னய்யா, பேச மாட்டேங்கற?" என்றார். சாயங்காலம் சொல்கிறேன் என்று நேரம் வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த ஆர்டரில் நம்பிக்கை இல்லை. காரணம், நான் தினமும் வேலைக்கு வருகிற பஸ்.

என் வீடு ராயக்கோட்டையில். அங்கிருந்து ஓசூருக்கு வருகிற ஒரு மோட்டார் பாகக் கம்பெனியின் பஸ்ஸில், டிரைவர் தூரத்துச் சொந்தம் என்பதால், நானும் தொற்றிக்கொண்டு வருவேன். கடைசி சீட்டில் டிரெயினிப் பையன்கள் நாலு கோட்டை ஆடுவார்கள். அதில் செந்தில் என்று ஒருவன், உசிலம்பட்டிப் பக்கம். அவன்தான் அடிக்கடி ஜெயிப்பான். ஸ்டாக்கிஸ்ட் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காலையில் சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனத்துறையினர் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் அப்படியே நின்றது. பையன்களுக்குக் கொண்டாட்டம். நானும் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன்.

ஒரு பையன் கொம்பனை இறக்கினான். உடனே மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அடுத்த சுற்றில் மூன்று பேரின் அடியும் அவன் கோட்டை மேல். கொம்பன் வைத்திருந்தவன் முதலில் வெளியே போனான். செந்தில் ஜன்னலைக் காட்டி, "யானைக்கும் அடி சறுக்கும்டா" என்று அவன் முதுகில் தட்டினான்.

"உன் கொம்பன் எங்க?" என்று செந்திலிடம் கேட்டேன்.

"அத எப்பயோ தள்ளி விட்டாச்சுண்ணே. எங்க காம்பவுண்டுல ஒரு ஒம்பதாப்புப் பயகிட்ட குடுத்து, பூராம் நம்ம கோட்டைய அடி படாம காக்குற பாறைக் கார்டா வாங்கிட்டேன். கொம்பன இறக்குனா மூணு பேரும் நம்ம மேலதான் பாயுறாய்ங்க. பாறைய வச்சுக்கிட்டு கம்முன்னு உக்காந்தா ஒருத்தனும் கண்டுக்க மாட்டாய்ங்க."

"அந்தப் பையனுக்கு இது தெரியாதா?"

"இப்பத் தெரியாது. அவனும் எங்க ஆட்டத்தத்தானே எட்டிப் பாக்குறான். லீவு முடியறதுக்குள்ள தெரிஞ்சுக்குவான்."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் பலமான கார்டு பலமானதுதான். நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் பலம் என்பது மற்ற மூன்று பேரின் கண்ணில் படுவது. ஆடத் தெரியாதவரைக்கும் எல்லோரும் அதைக் கேட்பார்கள். ஆடக் கற்றுக்கொண்டதும் கைமாற்றி விடுவார்கள். கைமாறும்போது உங்கள் கணக்கில் அது இன்னும் பிரபலமாகத்தான் தெரியும். ஊரே கேட்கிறது என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில், தெரிந்தவன் தெரியாதவன் தலையில் அதைக் கட்டிக்கொண்டிருப்பான்.

சாயங்காலம் முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்கிற மனநிலையில் இல்லை. "பஸ்ல நாலு பசங்க ஆடறத வச்சு இவ்வளவு பெரிய ஆர்டர வேணாங்கறியா?" என்றார். கேள்வியில் தவறு இல்லை. நானும் அதையேதான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி குடும்பத்துக்கு ராயக்கோட்டையில் தக்காளித் தோட்டம் இருந்தது. அதனால் வேறு வழியில் போனேன்.

"தக்காளி வெல ஏறியிருக்கறப்ப நாத்து நடறவன் என்ன ஆவான் முதலாளி?"

"காய் வர்றப்ப வெல இருக்காது."

"நாம அடிச்சு, பாக்கெட் போட்டு, அது கடைக்குப் போய்த் தொங்க லீவு பாதி ஆயிடும். அப்ப கொம்பன் எல்லாப் பையன் கையிலயும் இருக்கும். ஒரு கட்டுக் குடுத்து வாங்கி வச்சவன் நம்மள ஏமாத்துக்காரன்னுவான். அதுக்கு அப்பறம் நம்ம பாக்கெட்ட எவன் தொடுவான்?"

அவருடைய அப்பா ஒரு வருடம் தக்காளியை வண்டியோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்ததை அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில், "சரி, உன் பேச்ச நம்பறேன். ஆனா ஷெட்டு காலியானா அவங்ககிட்ட நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஸ்டாக்கிஸ்ட் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய், பம்பரத்தையும் பிளாஸ்டிக் துப்பாக்கியையும் கடைகளில் தொங்கவிட்டார். எங்கள் பாக்கெட் தொங்கிய ஆணியில் அவை தொங்கின. ஏப்ரல் முழுக்க எங்களுக்கு உதிரி ஆர்டர்தான். ஷெட்டில் மதியத்துக்கு மேல் வேலை இருக்காது. பெண்கள் தரையைப் பெருக்குவார்கள், பெருக்கின தரையையே மறுபடி பெருக்குவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மஞ்சுளாவே என் அறைக்கு வந்தாள். பாகலூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. வேன் வைத்து ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

"சார், திங்கக்கெழமையோட ஆள் எடுக்கறது முடியுதாம். நாங்க இருக்கறதா, போறதா? மொதலாளிய கேட்டா உங்கள கேக்கச் சொல்றாரு."

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இருங்கள் என்று சொன்னால் இருப்பார்கள், அவ்வளவு நம்பிக்கை. பழகின கைகள் எனக்கும் வேண்டும். கொம்பன் இறங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்து எது ஏறும், ஏறுமா, எப்போது என்று எனக்குத் துளியும் தெரியாது. அந்தப் பெண்கள் கேட்டது கொம்பனைப் பற்றி இல்லையே.

"எனக்குத் தெரியல மஞ்சுளா" என்றேன். "ஜூன்ல சரியாகலாம். ஆகாமலும் போகலாம். என் தங்கச்சியா இருந்தா அங்க போன்னுதான் சொல்வேன்."

"சரி சார்" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை ஆறு பேர் போய்விட்டார்கள். அவ்வளவு தூரம் வேலைக்குப் போக வீட்டில் ஒப்பாத இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். 

மே கடைசியில் கொம்பன் விழுந்தது. செந்தில் சொன்ன மாதிரியே பள்ளிப் பிள்ளைகளும் மூன்று பேராகச் சேர்ந்து பாயக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மத்திகிரிப் பேக்கரிக்காரர், "கொம்பன சும்மா குடுத்தாக்கூட வேணாங்கறானுங்க சார், என்னா ஆச்சு?" என்றார். கோடையில் அதை அடித்துத் தள்ளியிருந்தால் அச்சகமே மூழ்கியிருக்கும். முதலாளி என் தோளைத் தட்டினார். நான் சொன்னது சரி. ஆனால் சரியாகச் சொன்னதற்காக யாரும் ஆர்டர் கொடுத்துவிடவில்லை. ஷெட் காலியாகத்தான் கிடந்தது. சரியாகக் கணிப்பது வேறு, அதனால் ஒருவருக்குச் சோறு கிடைப்பது வேறு. எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

ஜூலையில் ஒரு விசித்திரம் நடந்தது. பாகலூர் ரோட்டு டீக்கடைகளிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. அதுவும் எந்தக் கார்டைக் கேட்டு? அகழியை. இதுவரை அந்தக் கார்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அதுவரை யாரும் அதைச் சீண்டியதில்லை. கோட்டையைச் சுற்றி அகழி போட்டால் உங்களை யாரும் தாக்க முடியாது, நீங்களும் யாரையும் தாக்க முடியாது. பையன்கள் பாக்கெட்டைப் பிரித்து அகழி வந்தால் அங்கேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடை வாசல் குப்பையில் அதைத்தான் பார்க்கலாம். அதை நிறுத்திவிடலாம் என்று நானே முதலாளியிடம் பேசியிருந்தேன்.

என்ன கூத்து என்று பார்க்கப் போனேன். ஒரு டீக்கடை வாசலில் கார்மென்ட்ஸ் கம்பெனி பஸ் நின்றிருந்தது. உள்ளே முழுக்கப் பெண்கள். சீட்டுக்குச் சீட்டு நாலு கோட்டை. நடுவில் மஞ்சுளா.

ஆறு பேரும் முதல் வாரமே பாக்கெட் வாங்கி பஸ்ஸில் ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். அது பஸ் முழுக்கப் பரவி, அடுத்தடுத்த பஸ்களுக்கும் தொற்றிவிட்டது. அந்த பஸ் வழியெல்லாம் நின்று நின்று போகும். ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஒருத்தி இறங்கிவிடுவாள். அதற்கு அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இறங்குகிறவள் ஒரு அகழியை இறக்கிவிட்டுப் போனால் அவள் கோட்டை அப்படியே நிற்கும். மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். ஷிஃப்ட் மாறினால் அடுத்த வாரம் வந்தும் ஆடலாம். அகழி இல்லாதவள் இறங்கினால் கோட்டை போச்சு. அதனால் ஆளாளுக்குப் பையில் இரண்டு மூன்று அகழி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பேக்கிங்கில் இருப்பவர்கள் கார்டு வைத்திருக்கக் கூடாது, ஆடக் கூடாது என்பது நம் விதி. எந்தப் பாக்கெட்டில் எது போகிறது என்று தெரிந்தவர்கள் என்பதால், சாயங்காலம் பையைப் பார்த்துத்தான் வெளியே விடுவோம். எல்லாக் கார்டையும் தினமும் தொட்டவர்களை ஒருநாளும் ஆட விடாமல், ஆட ஆள் எங்கே என்று நான் மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். உங்களில் யாராவது பேக்கிங் பக்கம் போய் அவர்களோடு ஒரு ஆட்டமாவது ஆடியிருக்கிறீர்களா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை, பதில் தெரியும்.

அகழி அந்த வருடம் ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி வரை போனது. ஷெட் நிரம்பியது. இருந்த இரண்டு பேரால் சமாளிக்க முடியவில்லை. "போ, அந்த ஆறு பேத்தையும் கூட்டிக்கினு வா. சம்பளம் சேத்துத் தரேன்னு சொல்லு" என்று முதலாளி அனுப்பினார். சந்தோஷமாகத்தான் போனேன். நல்ல சேதி கொண்டுபோகிற வேலை எனக்கு அடிக்கடி கிடைத்ததில்லை.

கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிந்து வந்த மஞ்சுளாவை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க அன்னிக்கு நெஜத்த சொன்னீங்க சார். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வேற யாரா இருந்தாலும் இரு, இருன்னுதான் சொல்லியிருப்பாங்க. இப்பவும் நெஜத்த சொல்லுங்க. இந்த அகழியயும் ஒரு நாளு எல்லாரும் வேணாம்னு போட்டுடுவாங்க இல்ல?"

"போட்டுடுவாங்க."

"எப்ப?"

"தெரியல மஞ்சுளா."

"அப்ப ஷெட்டுல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

முதலாளி சொல்லி அனுப்பிய சம்பளத்தை இன்னொருமுறை சொல்ல வாய் வரவில்லை. பஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்து யாரோ கன்னடத்தில் சீக்கிரம் வா என்று அவளைக் கூப்பிட்டார்கள்.

"தெரிஞ்சப்பறம் கூப்புடுங்க சார், வரேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாக, மனதாரத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தக் கார்டு ஏறும், எது இறங்கும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறேன். அது இறங்கினால் ஷெட்டில் இருப்பவர்கள் என்ன பண்ணுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்ததே இல்லை, அதனால் அவளைக் கூப்பிட முடியவில்லை.